பையனை ஓட வைக்கிற வீடியோ கேம், வாங்கலாமா வேண்டாமா?

மாடிப்படி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு எட்டு வயசு, ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கடாசிட்டு டேப்லெட்டோட உக்காந்தான்னா ராத்திரி சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும் இடத்தை விட்டு அசையறதில்ல. வெளிய போய் ஆடுடான்னா கூட ஆட யாரும் இல்லம்மாங்கிறான், அதுவும் பொய் இல்ல, அவன் வயசுல பக்கத்துல யாருமே இல்ல. இப்ப என்ன யோசனைன்னா, எப்படியும் கேம் கேமுன்னு உயிரை விடுறான், அந்த கேமையே உடம்பை அசைச்சு ஆடுற மாதிரி, அப்படியே நல்லா சாப்பிடணும் நேரத்துக்குத் தூங்கணும் தண்ணி குடிக்கணும்னு சொல்லிக் குடுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா என்னன்னு.

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டார், ஸ்கிரீனைக் குறைக்கிறேன்னு சொல்லிட்டு இன்னொரு ஸ்கிரீன் வாங்குவியான்னு. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. அதான் இங்க கேக்கிறேன். இந்த மாதிரி கேம் ஆடுறது நிஜமா எக்சர்சைஸ் கணக்குல வருமா, இல்ல பேருக்குத்தானா? சாப்பாடு தூக்கம்னு கேம்ல கத்துக்கிறது கேமை அணைச்ச அப்புறமும் நிக்குமா? வாங்குறதா இருந்தா எதைப் பாத்து வாங்கணும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஜாய்ஸ்டிக்சித்தப்பா எழுதியது:

வாங்க சகோதரி. பெட்டியில போட்டிருக்கிற படத்தையெல்லாம் விடுங்க, முதல்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கேம் உங்க பையனோட உடம்புல எந்த இடத்தை அளக்குது? ஏன்னா அது எதை அளக்குதோ அதை மட்டும்தான் பசங்க அசைப்பாங்க, மத்ததெல்லாம் ரெண்டாம் நாளே நின்னுடும். 2006-ல நின்டெண்டோ கம்பெனியோட வீங்கிற கேம் மிஷின் வந்தப்போ டென்னிஸ் பௌலிங்னு வீடே துள்ளிச்சு, ஆனா அந்த ரிமோட்டுக்குத் தெரியறதெல்லாம் கை எவ்வளவு வேகமா திரும்புச்சுங்கிறதுதான், நீங்க நிக்கிறீங்களா படுத்திருக்கீங்களான்னு அதுக்கு அக்கறையே இல்ல. அதனால சோபால சாஞ்சுக்கிட்டே மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டி ஜெயிக்கிறது எப்படின்னு பசங்க சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்க. டான்ஸ் கேம்லயும் பல சிஸ்டம்ல வலது கைல இருக்கிறதை மட்டும்தான் கணக்குப் பண்ணும், காலு என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது.

இது புதுசும் இல்ல. 1980கள்லயே நின்டெண்டோவுக்கு பவர் பேட்னு ஒரு மேட் வந்துச்சு, கீழ விரிச்சு அது மேல ஓடணும். அப்பவே பசங்க குனிஞ்சு ரெண்டு கையால தட்டி ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவனுங்கதான்.

கால் வைக்கிற மேட் இருக்கிறது கொஞ்சம் தேவலாம். 1998-ல கொனாமி கொண்டு வந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் அந்த வகை, நாலு பக்கமும் அம்புக்குறி, கால் வெச்சாத்தான் பாயிண்ட், உக்காந்துட்டு ஆடவே முடியாது. கேமரா வெச்சு முழு உடம்பையும் பாக்குறது இன்னொரு வகை, மைக்ரோசாஃப்ட்டோட கினெக்ட் 2010-ல வந்துச்சு, கையில எதுவும் பிடிக்க வேணாம், தோள் முட்டி இடுப்புன்னு தனித்தனியா பாத்துக்கும், ஆனா 2017-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க அதனால இப்ப செகண்ட்ஹேண்ட்தான். இப்ப கிடைக்கிறதுல உடம்பை உண்மையா வேலை வாங்குறதுன்னா ரிங் ஃபிட் அட்வென்ச்சர் சொல்வேன், 2019 அக்டோபர்ல நின்டெண்டோவோட ஸ்விட்ச்ங்கிற கேம் மிஷினுக்கு வந்தது. ஒரு வளையத்தைக் கையில பிடிச்சு அழுத்தணும் இழுக்கணும், இன்னொரு சென்சாரைத் தொடையில பட்டை போட்டுக் கட்டிக்கணும், நின்ன இடத்துலயே ஓடுனாத்தான் ஆளு முன்னாடி போவான், எதிரி வந்தா ஸ்க்வாட் போட்டுத்தான் அடிக்கணும். ஆரம்பத்துலயே நம்ம பலத்தை அளந்துக்கிட்டு அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கும், சின்னப் பசங்களுக்கு அது முக்கியம். கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்கன்னா ஓடுறதுக்குப் பதிலா முட்டியை மடக்கி நிமிர்ற மாதிரி ஒரு மோடும் இருக்கு.

இவ்வளவு சொன்னாலும் அது பெரியவங்களை மனசுல வெச்சு செஞ்ச கேம், எட்டு வயசுப் பையனுக்கு நடுவுல வர்ற பேச்சும் மெனுவும் போரடிக்கும், நீங்க கூட உக்காரணும். சாரி, கூட நிக்கணும்.

பீடிபீரியட் எழுதியது:

நான் விளையாட்டு ஆசிரியர், அதனால முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். எக்சர்சைஸ் கணக்குல வருமான்னா, சிலது வரும், நிறைய வராது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கு என்னன்னா 5 வயசுல இருந்து 17 வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம் மிதமான அளவுலயோ அதுக்கு மேலயோ உடம்பு வேலை செய்யணும், அதுல வாரத்துல மூணு நாளாவது நல்லா மூச்சு வாங்குற மாதிரியும் எலும்பு தசைக்கு பலம் குடுக்கிற மாதிரியும் இருக்கணும். இதுல மிதமானங்கிறதை அளக்க மிஷின் எதுவும் வேணாம். பையன் ஆடிட்டு இருக்கும்போது பேச்சுக் குடுங்க. பேசுறான் ஆனா பாட முடியலன்னா அது மிதம், ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா அது கடுமை, கதை சொல்லிக்கிட்டே ஆடுறான்னா அது சும்மா நிக்கிறதுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

வீ ஸ்போர்ட்ஸை வெச்சு 2007-லயே டீன் ஏஜ் பசங்ககிட்ட அளந்து பாத்துருக்காங்க, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. உக்காந்து ஆடுற கேமை விட எனர்ஜி கூடுதலாத்தான் செலவாச்சு, ஆனா அதே டென்னிஸை நிஜமா ஆடுனா ஆகுற அளவு கிட்டக்கூட வரல. காரணம் சிம்பிள், நிஜ டென்னிஸ்ல பந்து போற இடத்துக்கு நீங்க ஓடணும், கேம்ல உங்களுக்காக அந்த பொம்மை ஓடிடும். உடம்புல பெரிய தசையெல்லாம் தொடையிலயும் இடுப்புலயும்தான் இருக்கு, காலை விட்டுட்டு கையை மட்டும் ஆட்டுனா இதயத்துக்கு அவ்வளவா வேலை கிடைக்காது. சித்தப்பா சொன்ன மேட்டரும் இதுதான்.

ஆனா ஒரு விஷயத்துல நான் இந்த கேம்களுக்கு ஆதரவு. கிளாஸ்ல பந்து வந்தாலே ஒதுங்கிப் போற பசங்க இருப்பாங்க, குண்டா இருக்கிறதாலயோ கூச்சத்தாலயோ டீம்ல கடைசியா எடுக்கப்படுற பசங்க. அவங்க டான்ஸ் மேட்ல ஏறினா யாரும் சிரிக்கிறதில்ல, ஏன்னா எல்லாரும் ஸ்கிரீனைத்தான் பாக்குறாங்க. அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006-ல தன்னோட 765 அரசுப் பள்ளியிலயும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனைக் கொண்டு வரப் போறோம்னு அறிவிச்சதுக்கு இந்த மாதிரி பசங்களை உள்ள இழுக்கிறது ஒரு பெரிய காரணம். உங்க பையன் கூச்ச சுபாவமான்னு நீங்க சொல்லல, அப்படின்னா இது ஒரு நல்ல ஆரம்பம்.

வழுக்குற தரையில சாக்ஸோட ஆட விடாதீங்க. வெறுங்கால், இல்லைன்னா ஷூ, நடுவுல வேற எதுவும் கிடையாது.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாரும் எதை வாங்குறதுன்னே பேசறீங்க, வாங்குனா பையன் கூடுதலா அசைவானான்னு யாரும் கேக்கல. அது வேற கேள்வி.

இதை நேரடியா சோதிச்சு 2012-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, பரனோவ்ஸ்கி குழு செஞ்சது. 9 முதல் 12 வயசுப் பசங்களுக்கு வீட்டுக்கே வீ குடுத்துட்டாங்க, பாதிப் பேருக்கு உடம்பை அசைச்சு ஆடுற கேம், மீதிப் பேருக்கு உக்காந்து ஆடுற கேம், எவ்வளவு நேரம் ஆடுன்னு யாரும் சொல்லல, வீட்டுல நடக்கிற மாதிரியே விட்டுட்டு இடுப்புல சென்சார் கட்டி 13 வாரம் பாத்தாங்க. ரெண்டு குரூப்புக்கும் நடுவுல வித்தியாசம் எதுவுமே இல்ல. ஒண்ணு சும்மா பேருக்கு ஆடியிருக்கணும், இல்ல அங்க அசைஞ்சதை வேற நேரத்துல உக்காந்து ஈடுகட்டியிருக்கணும். எப்படியோ மொத்தக் கணக்குல ஏறவே இல்ல.

தெருவுல நடந்து நடந்து ஆடுற போன் கேம் போக்கேமான் கோவும் இதே கதைதான். 2016 ஜூலைல வந்தப்போ உலகமே தெருவுல நடந்துச்சுன்னு எழுதுனாங்க. அமெரிக்காவுல 18லேருந்து 35 வயசுக்காரங்க போன்ல பதிவான நடையை எடுத்துப் பாத்தா முதல் வாரம் தினம் சராசரியா 955 காலடி கூடுதல், அப்புறம் வாராவாரம் இறங்கி ஆறாவது வாரத்துல பழைய அளவுக்கே வந்துட்டாங்க. அவங்க பெரியவங்க, சரி. எட்டு வயசுப் பையன் அவங்களை விடப் பொறுமைசாலின்னு நினைக்கிறீங்களா?

உங்க வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வின்னுதான் நான் சொல்வேன் மேடம், ஆனா பதில் வேணாங்கிறது இல்ல. டேப்லெட்ல போற நேரத்துல இருந்து எடுத்து இதுக்குக் குடுக்கிறதா இருந்தா லாபம், அதோட மேல இன்னொரு அரை மணி நேரம்னா வெறும் செலவு.

மாடிப்படி எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பீடி சார், பையன் கூச்சம்தான், நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரியல. சந்தேகம் சார், நீங்க சொன்னதை வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், அவர் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே.

ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. சாப்பாடு, தூக்கம் பத்தி சொல்லிக் குடுக்கிற கேம் எல்லாம் எப்படி? ஒரு இலவச ஆப் போட்டுக் குடுத்துப் பாத்தேன், பழம் மேல இருந்து விழுது, கூடையில பிடிக்கணும், சிப்ஸ் விழுந்தா பிடிக்கக் கூடாது. அவன் சிப்ஸைத் தொடாம வேற லெவல் ஸ்கோர் எடுக்கிறான், எடுத்துக்கிட்டே சிப்ஸ் கேக்கிறான்.

பிக்சல்பொறுக்கி எழுதியது:

ஹாஹா, அக்கா நீங்க சொன்ன அந்த ஆப் மாதிரி ஆயிரம் இருக்கு. நான் கேம் டிசைன் பண்றவன், வெளிய இருந்து பாத்தா தெரியாத விஷயம் ஒண்ணு சொல்றேன். அந்த கேம்ல பழத்துக்குப் பதிலா கல்லு, சிப்ஸுக்குப் பதிலா பாம் வெச்சாலும் கேம் அப்படியேதான் ஓடும், ஒரு மாத்தமும் இருக்காது. அப்ப அது சொல்லிக் குடுக்கிறது கூடையை எப்படி நகர்த்தணுங்கிறதை மட்டும்தான், சாப்பாட்டைப் பத்தி ஒண்ணுமே இல்ல. கேள்வி கேட்டு நாலு விடையில ஒண்ணைத் தட்டுற கேமும் அதே ஜாதி. நல்ல பழக்கம்னா என்னன்னு உங்க பையனுக்கு ஏற்கனவே தெரியும், தெரியாததால அவன் சிப்ஸ் கேக்கல.

வேலை செஞ்ச கேம் எப்படி இருக்கும்னா, 1990கள்ல சூப்பர் நின்டெண்டோவுல பேக்கி அண்ட் மார்லன்னு ஒண்ணு வந்துச்சு, சர்க்கரை நோய் இருக்கிற குழந்தைகளுக்காகவே செஞ்சது. ரெண்டு யானைக்குட்டி கேம்ப்புக்குப் போகும், ரெண்டுக்கும் சர்க்கரை நோய். நீங்க யானையை ஓட்டிக்கிட்டே அதுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு இன்சுலின்னு முடிவு பண்ணணும், தப்பாப் போனா ரத்த சர்க்கரை ஏறும் இறங்கும், யானையால ஒழுங்கா ஆட முடியாது. பாத்தீங்களா, இங்க சாப்பாட்டை எடுத்துட்டா கேமே இல்ல. 8 முதல் 16 வயசுல சர்க்கரை நோய் இருக்கிற பசங்களுக்கு ஆறு மாசம் வீட்டுல குடுத்து சோதிச்சாங்க, பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு வெறும் பின்பால் கேம். 1997-ல ரிசல்ட் வெளியிட்டாங்க, இதை ஆடுனவங்க அவசரமா டாக்டர்கிட்ட ஓடுறது ஏறக்குறைய 77 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அந்தப் பசங்களுக்கு அந்த அறிவு தினமும் மூணு வேளையும் தேவைப்பட்டதுங்கிறதையும் சேத்துப் பாக்கணும், கேமை அணைச்ச அஞ்சாவது நிமிஷம் நிஜ ஊசி காத்திருக்கு.

நோய் இல்லாத சாதாரண பசங்களுக்குன்னா பலன் சின்னதாத்தான் வரும். எஸ்கேப் ஃப்ரம் டயப், நானோஸ்வார்ம்னு ரெண்டு கேம், சந்தேகம் அண்ணன் சொன்ன அதே பரனோவ்ஸ்கி ஹூஸ்டன்ல இருக்கிற பேய்லர் மருத்துவக் கல்லூரியில இருந்து கதையெல்லாம் வெச்சு நல்லா செலவு பண்ணி செஞ்சது. 10 முதல் 12 வயசு. 2011-ல வந்த முடிவு, காய் பழம் சாப்பிடுறது ஒரு நாளைக்கு, ஒரு தடவை பரிமாறுற அளவுல மூணுல ரெண்டு பங்கு கூடுச்சு, தண்ணி குடிக்கிறதும் உடம்பை அசைக்கிறதும் கொஞ்சமும் மாறல. அவ்வளவு மெனக்கெட்டு செஞ்சதுக்கே அதுதான்னா பழம் பிடிக்கிற ஆப் என்ன பண்ணிடும்.

அப்புறம் பேட்ஜ், நட்சத்திரம், காயின். இதுல எனக்கு என் தொழில் மேலயே கோவம் வரும். பல் தேய்ச்சா நட்சத்திரம், தண்ணி குடிச்சா நட்சத்திரம்னு வைக்கிறது ரொம்ப சுலபம், அதான் எல்லாரும் வைக்கிறோம். ஆனா 1973-லயே லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரி பசங்ககிட்ட சோதிச்சுட்டாங்க. ஏற்கனவே ஆசையா படம் வரையிற குழந்தைங்க, வரைஞ்சா பரிசுச் சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொல்லிக் குடுத்த குரூப் கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விட்டப்போ முன்ன விடக் கம்மியா வரைஞ்சாங்க. எதிர்பாராம பரிசு வாங்குனவங்களுக்கும் வாங்காதவங்களுக்கும் அந்த ஆசை குறையல. உங்க பையன் ஏற்கனவே தானா செய்யிற எந்த நல்ல விஷயத்துக்கும் கேம்ல பாயிண்ட் வைக்காதீங்க, அவன் தொடவே மாட்டேங்கிறதுக்கு வெச்சுப் பாருங்க, அதுவும் கொஞ்ச நாளைக்கு.

மெல்லினம் எழுதியது:

இத்தனை பேர் பேசுறீங்க, எடை பத்தி யாரும் சொல்லல. அக்கா, நீங்க எந்த கேம் வாங்குனாலும் முதல்ல நீங்க உக்காந்து உள்ள போய் அது எடை கேக்குதா, உடம்பு அளவைப் பத்தி ஏதாவது சொல்லுதான்னு பாருங்க. 2008-ல வீ ஃபிட்ங்கிற கேமோட எடை பாக்கிற பலகையில ஒரு பத்து வயசுப் பொண்ணு ஏறி நிக்க, நீ அதிக எடைன்னு சொல்லிடுச்சு, பெரிய பிரச்சினையாகி நின்டெண்டோ மன்னிப்புக் கேக்க வேண்டியதாச்சு. உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கிற அந்த பிஎம்ஐ கணக்கை வளர்ற குழந்தைக்குப் பெரியவங்க மாதிரி வெக்கவே கூடாது, வயசும் ஆணா பொண்ணாங்கிறதும் சேத்து வளர்ச்சி அட்டவணையில வெச்சுத்தான் டாக்டர் பாப்பாங்க. பெரியவங்களுக்கே அந்த ஒரு வார்த்தை மாசக்கணக்குல உறுத்தும், கூச்ச சுபாவம்னு வேற சொல்றீங்க.

இன்னொண்ணு, ஆப்புன்னா அது எங்க போய் எழுதி வெக்குதுன்னும் பாருங்க. குர்போன்னு ஒரு ஆப் இருந்துச்சு, எட்டு வயசுக் குழந்தைங்க கூட எடை, சாப்பாடு எல்லாம் பதிஞ்சு வெக்கிற மாதிரி. பெத்தவங்க அனுமதி ஒழுங்கா வாங்காம 13 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலைச் சேத்துச்சுன்னு அமெரிக்காவுல வணிகத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிசி வழக்குப் போட்டு 2022-ல 15 லட்சம் டாலர் அபராதம், சேத்த டேட்டாவை அழிக்கணும், அதை வெச்சு உருவாக்குன அல்காரிதத்தையும் அழிக்கணும்னு ஆச்சு. கேம் பையன் பேரு, வயசு, எடைன்னு வரிசையா கேட்டா பொய்ப் பேரு குடுங்க, எடையைக் கேக்காத கேமா எடுங்க.

பீடிபீரியட் எழுதியது:

மெல்லினம் சொன்னதுக்கு நூறு மார்க். எடை இறங்கணும்னு பையன்கிட்ட ஒரு தடவை கூட சொல்லாதீங்க, இன்னிக்கு எந்த லெவல் தாண்டுனன்னு மட்டும் கேளுங்க.

தூக்கம் பத்திக் கேட்டிருந்தீங்கல்ல, அதுக்கு கேமே வேணாம். அவன் வயசுக்கு 9லேருந்து 11 மணி நேரம் தூங்கணும். எழுந்திரிக்கிற நேரத்துல இருந்து பின்னாடி எண்ணி படுக்கிற நேரத்தை வைங்க, குதிக்கிற கேமை அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிடுங்க, ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த சோபா நேரத்துலயே. அப்புறம் கேம்ல எது அவனுக்குப் பிடிச்சிருக்குன்னு கவனிங்க. குத்துச்சண்டை பிடிச்சா அது ஒரு வழி, டான்ஸ் பிடிச்சா அது வேற வழி. அதை வெச்சு வெளிய ஒரு கிளாஸோ குரூப்போ பிடிச்சுட்டீங்கன்னா கூட ஆட ஆள் இல்லைங்கிற பிரச்சினையும் சேந்து தீரும்.

சந்தேகப்பிராணி எழுதியது:

பீடி சார் சொல்றது ஓகே. கூடவே ஒரு எச்சரிக்கை, முதல் மாசம் அமர்க்களமா இருக்கும், அதைப் பாத்துட்டு எக்ஸ்ட்ரா சாமான் எதுவும் வாங்கிடாதீங்க. முடிஞ்சா யார்கிட்டயாவது கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கி ஆட விட்டுப் பாருங்க. நீங்களோ அவங்க அப்பாவோ கூட ஆடுனா கொஞ்சம் கூட நாள் ஓடும், தனியா விட்டா சீக்கிரம் அலமாரிக்குப் போயிடும்.

மாடிப்படி எழுதியது:

அவங்க அப்பாவை ஆட வைக்கிறதுக்கு ஒரு கேம் இருந்தா சொல்லுங்க சார், அதையும் சேத்து வாங்கிடுறேன்.

சரி, இரவல் ஐடியா நல்லா இருக்கு, தங்கச்சி வீட்டுல ஸ்விட்ச் இருக்கு, கேட்டுப் பாக்கிறேன். கடைசியா ஒரே ஒரு சந்தேகம். இவனுக்கு ஒரு தங்கை, மூணு வயசு. இவன் ஆட ஆரம்பிச்சா அவ சும்மா இருக்க மாட்டா, குறுக்க வந்து குதிப்பா, எனக்கும் குடுன்னு அழுவா. அவளையும் சேத்துக்கலாமா, இல்ல தள்ளி வைக்கணுமா?

ஜாய்ஸ்டிக்சித்தப்பா எழுதியது:

சேத்துக்கோங்க, ஆனா கேம்ல இல்ல. அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு அதே உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உடம்பு அசையறதுன்னு பாத்தா மூணு நாலு வயசுக்கு நாள் முழுக்க சேத்து 180 நிமிஷம். அதை அந்த வயசுப் பிள்ளைங்க யாரும் சொல்லாமலே பண்ணுவாங்க. அவ குதிக்கிறதுக்கு ஸ்கிரீன் எதுக்கு, அண்ணன் குதிக்கிறதே போதும். பேட்டரி எடுத்த பழைய ரிமோட் ஒண்ணைக் கையில குடுத்து அவனுக்கு ரெண்டு கை தூரம் தள்ளி நிக்க விடுங்க, பாயிண்ட் ஏறலைன்னு அவளுக்குத் தெரியப் போறதில்ல.

தள்ளி நிக்கிறது மட்டும் கட்டாயம், ஏன்னா கையை வீசும்போது பின்னாடி யார் இருக்காங்கன்னு பையனுக்குத் தெரியாது. கையில பிடிக்கிற கன்ட்ரோலர்னா மணிக்கட்டுப் பட்டையை அவன் மாட்டியிருக்கானான்னு ஒவ்வொரு தடவையும் நீங்களே பாருங்க. வீ வந்த புதுசுல வேகமா வீசுறப்போ பட்டை அறுந்து ரிமோட் பறக்குதுன்னு அந்த டிசம்பர்லயே நின்டெண்டோ பட்டையை இலவசமா மாத்திக் குடுத்தாங்க. டிவி பக்கம் பறந்தா பரவால்ல, பாப்பா பக்கம் பறக்கக் கூடாது.